தெர்மல் கேமராவை முதன்முதலாகத் தொடுபவருக்கு: செட்டிநாட்டுக் கல்யாண வீட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலாகக் கண்டுபிடித்த காய்ச்சல் ஓர் அண்டாவுக்கு வந்தது. காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீடு, கொரோனாவின் இரண்டாம் ஆண்டு. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிப் பரப்பி வைத்திருந்தார்கள். வாசலைப் பார்த்தபடி கேமராவை நிறுத்தி, வருகிறவர்களுக்காகக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. கேமரா மட்டும் 46 டிகிரி என்று அலறியது. புளி போட்டுத் துலக்கிய பித்தளை அண்டா ஒன்று படத்தின் ஓரத்தில் அகப்பட்டிருந்தது. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வளவுத் தரையின் வெப்பத்தை அது அப்படியே என் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது.

தொற்றுநோய்க் காலத்தில் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ கோயில் அன்னதானக் கூடத்திலோ இந்தக் கேமராவின் முன்னால் நிற்கும் வேலை உங்கள் தலையில் விழலாம். பெரும்பாலும் “கம்ப்யூட்டர் தெரிந்த பையன்” என்பதற்காகவே அந்த வேலையைத் தருவார்கள். அப்படிப் பொறுப்பேற்றவருக்காக இதை எழுதுகிறேன். கேமராவைப் பிடித்து நிற்க ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். அதை எங்கே வைப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

கேமரா எதைப் பார்க்கிறது

உடம்பு எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டிருக்கிறது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்தார். சிவப்புக்கும் அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் சூடு ஏறுவதைக் கண்டார். அதே கதிர்தான் இது. அதில் ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைநீளத்தை வாங்கி, தோலின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கணக்கிட்டு, வண்ணப் படமாகக் காட்டுகிறது கேமரா. அந்த வண்ணங்கள் கருவி பூசுகிறவை. சிவப்பாகத் தெரிந்தால் காய்ச்சல் என்று பொருள் இல்லை. படத்தில் உள்ள மற்றவற்றைவிட அந்த இடம் சூடு, அவ்வளவுதான்.

கேமரா வாங்கிக்கொள்ளும் கருவி, எதையும் அனுப்பும் கருவி அல்ல. இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கேட்பார்கள். அன்றைக்கே ஓர் ஆச்சி நாற்காலியில் உட்கார மறுத்து, “தம்பி, இது மூளையைச் சுட்டுவிடும் என்கிறார்களே?” என்று கேட்டார். “நீங்கள் என்னைப் பார்க்கிறீர்களே ஆச்சி, அதனால் எனக்கு ஏதாவது ஆகிறதா? இதுவும் அப்படித்தான், சும்மா பார்க்கிறது” என்றேன். சிரித்துவிட்டு உட்கார்ந்தார். நெற்றிக்கு நேரே பிடிக்கும் கைத்துப்பாக்கி போன்ற கருவி வேறு. சிலவற்றில் குறி பார்க்க ஒரு சிவப்புப் புள்ளி ஒளி இருக்கும். சூட்டை அளப்பது அந்த ஒளி அல்ல. ஆனாலும் அதைக் கண்ணில் படவிடக் கூடாது.

தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கேமரா காண்பது தோலின் சூடு. தோலின் சூடு உடம்புக்குள் இருக்கும் சூடு ஆகாது. உடம்பின் சூடும் நோய் ஆகாது. 2003-இல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியபோது சாங்கி விமான நிலையத்தில் இந்தக் கேமராக்கள் வந்தன. சிங்கப்பூருக்குப் போய்வரும் நம் ஊர்க்காரர்கள் பலர் இதை முதலில் பார்த்தது அங்கேதான். அதே ஆண்டு கனடா தன் விமான நிலையங்களில் பயணிகளை இப்படிச் சோதித்துப் பார்த்தது. அதில் ஒரு சார்ஸ் நோயாளிகூடச் சிக்கவில்லை. கொரோனாவிலோ அறிகுறி தோன்றுவதற்கு முந்தைய நாள்களிலேயே தொற்று பரவியது. காலையில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறவரும் கேமராவின் முன் சாதாரணமாகவே தெரிவார். வயதானவர்கள் பலருக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் ஏறாது. ஆகவே கேமரா வைத்துவிட்டோம் என்று ஜன்னல்களை அடைத்து, கூட்டத்தை நெருக்கி உட்கார வைத்துவிடாதீர்கள்.

டெங்குக் காலத்தில் வாசலில் கேமரா வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. டெங்கு ஒருவர் மூச்சிலிருந்து அடுத்தவருக்குத் தொற்றுவது இல்லை, கொசு கடித்தால்தான். அந்தப் பணத்துக்கு மாடித் தொட்டிகளுக்கு மூடி வாங்கலாம்.

எந்தக் கேமரா

மின்பலகையில் எந்த இணைப்பு சூடாகிறது என்று பார்க்க எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் தெர்மல் கேமராவை இரவல் வாங்கி வருகிறார்கள். வேண்டாம். அத்தகைய கருவிகள் பலவற்றின் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 2 டிகிரி. நலமாக இருப்பவரின் 37-ஐயும் காய்ச்சல்காரரின் 38.5-ஐயும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. காய்ச்சல் பார்க்கவென்று செய்த கருவியில் பிழை அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும். இதற்கான பன்னாட்டுத் தரத்தின் எண் ஐ.இ.சி. 80601-2-59. விற்பவரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், முகம் மாறுவதிலேயே பாதி தெரிந்துவிடும். படத்தில் குறைந்தது 320-க்கு 240 புள்ளிகள் வேண்டும். செல்போனில் செருகும் சின்னக் கருவியில் ஒரு புள்ளிக்குள் கண்ணும் மூக்கும் சேர்ந்தே விழுந்துவிடும்.

இடம் பிடித்தல்

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் தந்த வழிகாட்டுதல்படி, அறையின் வெப்பநிலை 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை, காற்றின் ஈரப்பதம் 10 முதல் 50 விழுக்காடு வரை இருக்க வேண்டும். சித்திரை மாதத்தில் தேவகோட்டையில் நின்றுகொண்டு இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் காரணம் இருக்கிறது. சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும் வரைதான் உடம்பு வியர்க்காமலே சூட்டை வெளியே விட முடியும். காற்றே 37, 38 என்று ஏறிவிட்டால் எல்லோருடைய தோலும் சூடேறி நிற்கும். ஒருபக்கம் வியர்வை அதைக் குளிர்விக்கும். காய்ச்சல்காரரும் வெயிலில் நடந்து வந்தவரும் படத்தில் ஒன்றுபோலத் தெரிவார்கள்.

ஆகவே ஏசி அறை தேடுங்கள். கல்யாண மண்டபம் என்றால் மணமகன் அறையையோ அலுவலக அறையையோ கேட்டு வாங்குங்கள். 24-இல் வைத்து, ஏசியின் காற்று உட்காருபவர் முகத்திலும் கேமராவிலும் நேரே படாதபடி திருப்பிவிடுங்கள். ஏசி அறையே கிடைக்காத கோடைத் திருவிழாவில் கேமராவைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, நான்கு நல்ல தெர்மாமீட்டர்களோடு உட்காருவதே மேல். இதைச் சொன்னதற்காக ஒரு விழாக் குழுவினர் என்னோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்தார்கள். இருந்தாலும் என் கருத்து மாறவில்லை.

நம் பழைய வீடுகளில் இந்த வேலைக்கு ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. நன்மை, திண்ணையும் முகப்பும். வெயிலிலிருந்து வந்தவர் நிழலில் உட்கார்ந்து ஆறுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தொல்லை, வாசல்கள். முகப்புக் கதவிலிருந்து கடைசிக் கட்டின் பின்கதவு வரை ஒரே நேர்கோட்டில் இருப்பதால் காற்று தெருவுக்குத் தெரு பாயும். குடியிருக்க அது சுகம். தோலின் சூட்டை அளக்கும்போது அதே காற்று கெடுதல். இடையில் ஒரு கதவைச் சாத்திவிடுங்கள், அல்லது நேர்கோட்டிலிருந்து விலகிய பக்கவாட்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். வளவின் வெயில் விழும் இடம் பார்வைக்குள் வரவே கூடாது.

பளபளப்பைப் பற்றி எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரைப் பார்த்து, “இது கண்ணாடி மாதிரி மின்னுகிறதே, கேமரா ஏமாறுமே” என்று பயப்படுவார்கள். நம் கண்ணுக்கு மின்னுவதெல்லாம் கேமராவுக்கு மின்னாது. சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் தேக்குத் தூணும் வெப்பக் கதிரைப் பெருமளவு உள்ளே வாங்கிக்கொண்டு, தம் சொந்தச் சூட்டையே வெளியே காட்டும். ஏமாற்றுவது உலோகம். துலக்கிய பித்தளை, எவர்சில்வர் அடுக்கு, வெள்ளிச் சாமான் ஆகியவை தம்முடைய சூட்டைக் காட்டாமல் எதிரே இருப்பதன் சூட்டைத் திருப்பிவிடும். அவற்றை அப்புறப்படுத்துங்கள். முடியாவிட்டால் உட்காருபவருக்குப் பின்னால் ஒரு கனத்த ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள். கண்ணாடி இன்னொரு வேடிக்கை. நாம் ஊடுருவிப் பார்க்கும் ஜன்னல் கண்ணாடி இந்தக் கேமராவுக்குச் சுவர். வெளியே நிற்பவரை ஜன்னல் வழியாகச் சோதிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேமரா பெரும்பாலும் படத்திலேயே அதிகச் சூடான புள்ளியைத் தேடிப் பிடிக்கும். கல்யாண வாசலில் அந்தப் புள்ளிக்குப் பஞ்சமே இல்லை. குத்துவிளக்குச் சுடர், ஆலாத்தித் தட்டின் கற்பூரம், வீடியோக்காரரின் ஹாலஜன் விளக்கு, கையில் ஆவி பறக்கும் காபி டம்ளர். எல்லாமே மனித முகத்தைவிடச் சூடு. விளக்கும் ஆலாத்தியும் வாசலில் இருக்கட்டும், நீங்கள் உள்ளே போங்கள். காபியைச் சோதனை முடிந்த பிறகு கொடுக்கச் சொல்லுங்கள்.

தயார் செய்தல்

கேமராவை இயக்கியதும் சோதிக்கத் தொடங்காதீர்கள். அது தன் சூட்டில் நிலைக்க அரை மணி நேரம் கொடுங்கள். ஒன்பது மணிக்கு விருந்தினர் வருவார்கள் என்றால் எட்டரைக்குள் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். நடுநடுவே உள்ளே “டிக்” என்று ஒரு சத்தம் வரும், படம் ஒரு நொடி உறையும். கருவி கெட்டுவிட்டது என்று நான் முதல் நாள் பயந்துபோனேன். உள்ளே ஒரு சின்ன மூடி விழுந்து, கேமரா தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது.

நல்ல கருவிகளோடு இன்னொரு பெட்டியும் வரும். அதற்குப் பெயர் கரும்பொருள். இயற்பியல் புத்தகத்தில் படித்த அதே கரும்பொருள்தான், இப்போது கையில் தூக்கும் பெட்டியாக வந்திருக்கிறது. அது 35 டிகிரி என்று வைத்தால் துல்லியமாக 35-லேயே நிற்கும். கேமரா அதைப் பார்த்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். தராசுக்குப் படிக்கல் போல. அதை முகம் இருக்கும் அதே தூரத்தில், படத்தின் ஓரத்தில் தெரியும்படி நிறுத்துங்கள். குழந்தைகள் தொட வருவார்கள், உயரத்தில் வையுங்கள்.

நாற்காலியை நகர்த்த முடியாதபடி தரையில் நாடா ஒட்டி அடையாளம் வையுங்கள். முக்காலியில் இருக்கும் கேமரா, உட்காருபவரின் முக உயரத்தில், நேர் எதிரே இருக்க வேண்டும். மேலிருந்து சாய்த்துப் பார்த்தால் அளவு கெடும். தூரம் கருவிக்குக் கருவி மாறும். முகம் படத்தை நன்றாக நிரப்பும் தூரம்தான் சரியான தூரம்.

ஆளை உட்கார வைத்தல்

ஒரு நேரத்தில் ஒருவர். கூட்டமாக நடந்துவருகிறவர்களை ஒரே படத்தில் அலசும் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதை மறந்துவிடுங்கள். அப்படி எடுத்த அளவை நம்ப முடியாது.

வந்தவர் முதலில் பதினைந்து நிமிடம் அறையிலோ அதே குளிர்ச்சியுள்ள பக்கத்து அறையிலோ உட்கார வேண்டும். திண்ணையில் ஆறுவது அதற்கு முன்னால். குன்றக்குடியிலிருந்து நடந்தே வந்தவர், காவடி எடுத்தவர், இப்போதுதான் தலைக்குக் குளித்தவர், முகத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு வந்தவர் ஆகியோருக்கு அரை மணி நேரம். காரில் ஏசியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வந்தவரும் காத்திருக்கத்தான் வேண்டும். அவர் முகம் பொய்யாகக் குளிர்ந்திருக்கும், காய்ச்சல் மறைந்துவிடும். பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். பந்திக்கு நேரமாகிறது என்பார்கள். ஆளுக்குப் பதினைந்து விநாடி என்று வைத்தாலே 600 பேருக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. இதை முந்தின நாளே வீட்டுக்காரரிடம் சொல்லி, பந்தி நேரத்தை அதற்கேற்ப வகுக்கச் சொல்லுங்கள்.

உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடி படத்தில் இரண்டு கறுப்புக் குழிகளாகத் தெரியும், பின்னால் உள்ள கண் தெரியாது. முகக்கவசம் கருவியின் கையேட்டில் சொன்னபடி சில நொடிகள் இறங்கட்டும், நீங்கள் உங்களுடையதை இறக்காதீர்கள். தலைப்பாகை, தொப்பி, முகத்தில் விழும் முடி எல்லாம் விலகட்டும்.

இப்போது எங்கே பார்ப்பது? நெற்றியில் அல்ல. நம் ஊரில் நெற்றி வெறுமையாக இருப்பது அரிது. ஈரச் சந்தனம் காயும்போது தோலைக் குளிர்விக்கும். விபூதிப் பட்டை தோலை மறைக்கும். வியர்வையும் காற்றும் நெற்றியைத்தான் முதலில் மாற்றும். பார்க்க வேண்டிய இடம் கண்ணின் உள்மூலை, மூக்குத் தண்டை ஒட்டிக் கண்ணீர் வந்து நிற்கும் அந்தச் சிறு குழி. அங்கே தோல் மெல்லியது, இரத்த ஓட்டம் மேலாக இருக்கிறது, முகத்திலேயே உடம்பின் உள்சூட்டுக்கு மிக அருகில் இருக்கும் இடம் அது. படத்தில் இரண்டு கண்ணின் மூலைகளிலும் வெள்ளைப் பொட்டு வைத்ததுபோல் பளிச்சென்று தெரியும். இரண்டில் ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் கண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். மெட்ராஸ் ஐ வந்தவரின் கண் காய்ச்சல் இல்லாமலே சூடாகத் தெரியும்.

எந்த அளவில் மணி அடிக்க வேண்டும்

காய்ச்சல் என்றால் 38 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 100.4. இந்த எண்ணை அப்படியே கேமராவில் வைத்தால் பலர் தப்பிவிடுவார்கள், ஏனென்றால் தோல் எப்போதும் உள்சூட்டைவிடக் குறைவாகவே காட்டும். எவ்வளவு குறைவு என்பது அறைக்கு அறை மாறும். நான் செய்வது இது. முதலில் வரும் பத்துப் பேருக்குத் தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அவர்களுடைய கண்மூலை அளவின் சராசரியை எடுக்கிறேன். அதைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் மணி அடிக்கும்படி வைக்கிறேன். சில கருவிகள் இதைத் தாமே செய்யும். வெயில் ஏற ஏற மறுபடி பத்துப் பேரை எடுத்துச் சராசரியைப் புதுப்பியுங்கள். பேசும்போது மட்டும் அலகில் கவனம் வேண்டும். நம் மக்களுக்குக் காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில்தான் பழக்கம். கருவியின் 38-ஐ உரக்கச் சொன்னால் புரியாது. “நூற்றுக்கு மேல்” என்றால்தான் புரியும்.

மணி அடித்தால்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர் வருகிறார்கள், அவர்களில் பத்துப் பேருக்கு உண்மையிலேயே காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். கேமரா அந்தப் பத்தில் எட்டைப் பிடிக்கிறது. காய்ச்சல் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரைத் தவறாகக் காட்டுகிறது. தவறாக மாட்டியவர்கள் ஏறத்தாழ ஐம்பது. அதாவது நீங்கள் தனியே அழைக்கும் 58 பேரில் 50 பேர் ஒன்றும் இல்லாதவர்கள். இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சத்தமாக மணி அடிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். திரையை வரிசையில் நிற்பவர்கள் பார்க்காதபடி திருப்பி வையுங்கள். ஒருவர் முகம் சிவப்பாகத் தெரிந்த செய்தி இங்கே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம் ஆகாது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்றால் அரை நிமிடம். “ஐயா, வெயிலில் வந்திருக்கிறீர்கள், இந்த அறையில் கொஞ்சம் உட்காருங்கள், இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன்” என்பது போதும். காய்ச்சல் என்ற சொல்லே அங்கே வேண்டாம்.

பத்து நிமிடம் கழித்துத் தெர்மாமீட்டரில் பாருங்கள். நாக்கின் அடியில் வைப்பதென்றால், காபியோ மோரோ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் உறை மாற்றும் காதுத் தெர்மாமீட்டர் இருந்தால் வேலை சுலபம். அக்குளில் வைத்தால் அளவு குறைவாகவே காட்டும். நோயா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டியது தெர்மாமீட்டருக்குப் பின்னால் இருக்கும் மருத்துவர். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் உறுதியானால் முகக்கவசம் கொடுத்து, காற்றோட்டமுள்ள தனி இடத்தில் உட்கார வைத்து, உடன் வந்தவரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ அனுப்புங்கள். ஆலோசனைக்கு 104, மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் 108. சாப்பிடாமல் போகிறவருக்கு இலைச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தனுப்புங்கள். இதைச் சுகாதாரத் துறை சொல்லாது, நான் சொல்கிறேன்.

படங்களைச் சேமிக்கும் வசதியையும் அணைத்து வைப்பது நல்லது. யாருக்கு எத்தனை டிகிரி என்பது அவருக்கும் மருத்துவருக்கும் உரிய செய்தி. வீடியோக்காரர் ஆல்பத்துக்காகக் கேட்டார் என்று ஒரு மண்டபத்தில் கொடுத்துவிட்டார்கள்.

வேலை முடிந்ததும் கேமராவை அணைத்து, மூடியைப் போட்டு, கரும்பொருள் பெட்டி ஆறிய பிறகு உள்ளே வையுங்கள். லென்ஸ் சாதாரணக் கண்ணாடி அல்ல. வெப்பக் கதிரை உள்ளே விட வேண்டும் என்பதால் ஜெர்மானியத்தில் செய்தது, மேலே மெல்லிய பூச்சு இருக்கும், விலையும் அதிகம். வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். கருவியோடு வந்த துணி பெட்டியின் மூலைப் பையில் இருக்கும். அது அங்கே இருக்கிறதா என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.